ரெஜினா டீச்சர் ‘வெளுப்பு’ என்று எழுதிய வாரம்

மாதவரம் பேருந்து நிலையத்தில் எண்ணூர் வண்டிக்காக நின்றுகொண்டிருந்தபோது கைபேசி அடித்தது. எங்கள் பள்ளி ஆயா சரோஜா. “டீச்சர், எங்க கீறீங்கோ?” என்றாள். பஸ் ஸ்டாண்டில் இருக்கிறேன் என்றேன். “இஸ்கூலுக்கு வராதீங்கோ. நேரா கல்மண்டபம் வந்துடுங்கோ. நம்ம ரெஜினா டீச்சரு பூட்டாங்கோ” என்றாள். “எங்கே போனாள்?” என்று கேட்டேன். இந்தப் பக்கத்துப் பேச்சு எனக்குப் புதிதில்லை. சரோஜா என்ன சொன்னாள் என்பதும் புரிந்தது. புரிந்ததை ஒப்புக்கொள்ளத்தான் மனசு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைதான் பேசினோம். மறுமுனையில் சரோஜா அழ ஆரம்பித்ததும் பக்கத்திலிருந்த சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். எண்ணூர் வண்டி வந்து நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

நினைவுக் கூட்டத்து மலருக்கு எழுதித் தரும்படி பழைய மாணவர்கள் கேட்டபோது முதலில் முடியாது என்றேன். நான் கணக்கு டீச்சர். தமிழ் டீச்சரைப் பற்றிக் கணக்கு டீச்சர் எழுதினால் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அதற்குள் வாட்ஸ்அப்பில் ‘ஈடு செய்ய முடியாத இழப்பு’ வரிசையாக வந்து விழ ஆரம்பித்தது. ஒருவர் எழுதியதை அடுத்தவர் அப்படியே எடுத்து அனுப்பியிருந்தார். அதைப் பார்த்த எரிச்சலில்தான் எழுத உட்கார்ந்தேன். யாராவது இறந்துபோனால் ரெஜினா என்னிடம் சொல்வாள்: “செத்தவங்கள பத்திப் பொத்தாம் பொதுவா பேசாத கோமு. இன்னா சாப்ட்டாங்க, யாரோட சண்ட போட்டாங்க, அத்த சொல்லு.” சரி, அதையே சொல்கிறேன். தயிர்சோற்றுக்கு நெத்திலி வறுவல் தொட்டுச் சாப்பிடுவாள். கும்பகோணத்துப் பக்கத்திலிருந்து வந்த நான் அதைப் பார்த்து முதல் நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பிற்பாடு அவள் டப்பாவில் பாதி என்னுடையதாகிவிட்டது. சண்டை எல்லாரோடும் போடுவாள். ‘அவர்’ என்று எழுதாமல் ‘அவள்’ என்று எழுதுகிறேனே என்று யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். மரியாதை கொடுத்து எழுதினால் அவளுக்கே அடையாளம் தெரியாது.

ராயபுரம் கல்மண்டபத்தில் பிறந்து, அங்கேயே கல்யாணமாகி, அங்கேயே கண்ணை மூடியவள். அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். வகுப்புக்குள் போய்விட்டால் தெளிந்த எழுத்துத் தமிழ் பேசுவாள், கேட்டுக்கொண்டே இருக்கலாம். வாசலைத் தாண்டியதும் பேச்சு கல்மண்டபத்துக்குத் திரும்பிவிடும். ஒருமுறை பள்ளியைப் பார்வையிட வந்த அதிகாரி, வராந்தாவில் ஒரு தாயிடம் இவள் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டு, “தமிழாசிரியை இப்படிக் கொச்சையாகப் பேசலாமா?” என்றார். இவள் கைகட்டி நின்று, “ஐயா, வகுப்பில் நான் பேசுவது படித்துப் பெற்ற தமிழ். இது என்னைப் பெற்றவள் பேசிய தமிழ். இரண்டில் எதை விட்டுவிடச் சொல்கிறீர்கள்?” என்றாள். அவர் சத்துணவுக் கூடம் எங்கே இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டு போய்விட்டார். அவர் தலை மறைந்ததும் என் பக்கம் திரும்பி, “இன்னாமா ஜர்க் ஆனாரு பாத்தியா?” என்றாள். எனக்குச் சிரிப்பு அடங்க அன்றைய கடைசிப் பீரியட் வரை ஆயிற்று.

அவளிடம் படித்தவர்களுக்கு வாரச் சொல் மறந்திருக்காது. திங்கட்கிழமை காலையில் கரும்பலகையின் இடது ஓரத்தில் ஒரு சொல்லை எழுதுவாள். வெள்ளிக்கிழமைக்குள் அந்தச் சொல் தங்கள் வீட்டில், தெருவில், மீன் ஏலம் விடும் இடத்தில் எப்படிப் புழங்குகிறது என்று பிள்ளைகள் கேட்டு வந்து சொல்ல வேண்டும். புத்தகத்திலிருந்து எடுத்து வந்தால் ஏற்றுக்கொள்ள மாட்டாள். யார் சொன்னது, யாரிடம் சொன்னது என்று கட்டாயம் சொல்லியாக வேண்டும். “சொல்லுக்கு அர்த்தம் அகராதியில கீது. அது எங்க வேல செய்யுதுன்னு வூட்லதான் தெரியும்” என்பாள். இப்படிப் போனால் பாடம் எப்போது முடியும் என்று நான் கேலி செய்வேன். பாடம் எப்படியோ முடிந்துவிடும். அவள் வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை என்று ஒன்று இருந்ததாக எனக்கு நினைவில்லை.

இனி, நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். நம் பள்ளி இருக்கும் இடம் உங்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் கழிமுகம், இன்னொரு பக்கம் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள். காற்று திரும்பினால் சாம்பல் வந்து படியும். காலையில் துடைத்த மேசையில் மதியம் விரலால் பெயர் எழுதலாம். அப்போது மாணவர்களுக்கு வெள்ளைச் சட்டைதான் சீருடை. புதிதாக வந்த தலைமையாசிரியர் நகரத்துக்குள்ளிருந்து காரில் வருபவர். மோசமான மனிதர் இல்லை. பள்ளி பளிச்சென்று தெரிய வேண்டும் என்று ஆசைப்பட்டார், அவ்வளவுதான். சட்டை வெள்ளை வெளேரென்று இல்லாத பிள்ளைகளைக் காலை வழிபாட்டில் தனி வரிசையில் நிறுத்தவும், அப்படியும் திருந்தாவிட்டால் அடுத்த வாரத்திலிருந்து வீட்டுக்கே அனுப்பவும் உத்தரவு போட்டார். தனி வரிசையில் நின்றவர்கள் அத்தனை பேரும் கழிமுகத்தை ஒட்டிய குப்பத்துப் பிள்ளைகள். நான் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து முணுமுணுத்தேன். ரெஜினா அந்தத் திங்கட்கிழமை கரும்பலகையின் ஓரத்தில் ‘வெளுப்பு’ என்று எழுதினாள்.

வெள்ளிக்கிழமை எனக்கு அந்த நேரத்தில் வகுப்பில்லை. அவள் வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து தாள் திருத்திக்கொண்டிருந்தேன். திருத்தியதாகத்தான் பேர். காது முழுக்க அவர்கள் பக்கம்தான். “கெயக்கு வெளுக்கறதுக்குள்ள நைனா கடலுக்குப் பூட்டாரு”, அம்மா பக்கத்து வீட்டில் சொன்னது. “கல்யாணத்துல பிரியாணிய வெளுத்துக் கட்டிட்டேன்”, மாமா அப்பாவிடம் சொன்னது. டிவி பார்த்த தாத்தா அரசியல்வாதி ஒருவரைப் பற்றி, “இவன் சாயம் வெளுத்துப்போச்சு” என்றாராம். ஒரு பையன் எழுந்து, “‘கணக்குல பெயிலான, வெளுத்துடுவேன்’, எங்க நைனா என்கிட்ட சொன்னாரு” என்று சொல்லிவிட்டு ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அவன் பெயிலாகத்தான் போகிறான் என்பது என் கையிலிருந்த தாளில் தெரிந்தது.

ரெஜினா எல்லாவற்றையும் பலகையில் எழுதினாள். பிறகு சொன்னாள்: “அலசுவது வேறு, துவைப்பது வேறு, வெளுப்பது வேறு. துவைத்தால் அழுக்குப் போகும். வெளுப்பது அதற்கும் மேலே, துணியை வெள்ளைக்குக் கொண்டுவருவது. அதற்குக் காரம் வேண்டும், ஆவி வேண்டும், நல்ல தண்ணீர் வேண்டும், சுத்தமான வெயில் வேண்டும், அதையே தொழிலாகத் தெரிந்த ஆள் வேண்டும். நம் பக்கத்து வண்ணாரப்பேட்டைக்குப் பெயர் வந்ததே அப்படிப்பட்ட ஆட்கள் அங்கே இருந்ததால்தான். வானம் தானாக வெளுக்கும். துணி தானாக வெளுக்காது. யாரோ ஒருவர் வெளுக்க வேண்டும். ஒரு துணி வெள்ளையாக இருந்தால், அந்த யாரோ ஒருவர் யார் என்று பாருங்கள்.” நான் சிவப்பு மையை மூடி வைத்துவிட்டேன். அவள் வழக்கமாக இவ்வளவு நீளமாகப் பேச மாட்டாள். கோபத்தில் இருந்தாள் என்று புரிந்தது.

அப்போது நடு பெஞ்சிலிருந்து சத்யா எழுந்தாள். உங்களில் சிலர் அவளோடு படித்திருப்பீர்கள். “‘உன் கை வெளுத்துப்போய்க் கீது’” என்றாள். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். “யார் சொன்னது, யாரிடம்?” என்று ரெஜினா கேட்டாள். “எறா கம்பெனி சூப்ருவைசரு எங்கம்மாகிட்ட சொன்னாரு டீச்சர். ‘உன் கை வெளுத்துப்போய்க் கீது, தோலு உரியுது, நீ எறாவ தொடாத, வூட்டுக்குப் போ’ன்னு சொல்லிட்டாரு.” சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டாள். ரெஜினா அந்த வாக்கியத்தைப் பலகையில் எழுதவில்லை. சாக்பீஸை வைத்துவிட்டு, சத்யாவிடம் போய்க் குனிந்து ஏதோ கேட்டாள்.

சாயங்காலம் என்னையும் இழுத்துக்கொண்டு குப்பத்துக்குப் போனாள். இறால் கம்பெனியில் கூலிக்கு இறால் உரிக்கும் சத்யாவின் அம்மா தேவி வாசலில் உட்கார்ந்திருந்தாள். விரல்களுக்கிடையில் தோல் வெந்து, வெள்ளைவெள்ளையாகச் சுருண்டு உரிந்திருந்தது. மகளின் சட்டைக்காக பிளீச்சிங் பவுடரை வெந்நீரில் கரைத்து, வெறும் கையால் கசக்கியிருக்கிறாள். கொடியில் காயப்போட்டால் சாம்பல் விழுந்துவிடுகிறது. அதனால் மறுபடி பவுடர், மறுபடி வெந்நீர். “வெளுக்க வெளுக்க மஞ்சளா ஆவுது டீச்சர், இன்னா பண்றதுன்னே தெர்ல” என்று சட்டையைக் காட்டினாள். போரிங் தண்ணீரில் இரும்புச் சத்து. பவுடர் பட்டதும் அது துணியில் மஞ்சளாக ஏறிக்கொள்கிறது. அந்த வரிசையில் வீட்டுக்கு வீடு இதே கதை. கடலோரத்தில் பிறந்து வளர்ந்து, மீனையும் வலையையும் உப்பையும் கையாண்டு காய்த்துப்போன கைகள் ஒரு பள்ளிக்கூடச் சட்டைக்காக வெந்துபோயிருந்தன.

தேவிதான் பேச்சை முடித்தாள். “திங்கக்கெயமலேர்ந்து சத்யாவ எறா உரிக்க அனுப்பலாம்னு கீறேன். எனக்குக் கை ஆவற வரைக்கும் அது போவட்டும். இஸ்கூல்ல எப்டியும் வெளியதானே நிக்க வெக்கிறாங்கோ.” வீட்டுக்குள் சத்யா அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கேட்டிருக்கும். கை ஆறும் வரைக்கும் என்று நின்ற பிள்ளைகள் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். ரெஜினா சட்டையை முகர்ந்து பார்த்து, மடித்துத் தேவியின் மடியில் வைத்தாள். “தபாரு தேவி. இனிமே பவுடர் போடாத. சும்மா அலசிக் குடு, போதும். சத்யா திங்கக்கெயம இஸ்கூலுக்கு வருது.” “அந்த சாரு தொரத்துவாரு டீச்சர்.” “தொரத்தட்டும். நான் கூட நிக்கிறேன்” என்றாள். கூட நிற்பது என்றால் பரிந்து பேசுவது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அவள் சொன்னது நிற்பதைத்தான். சனிக்கிழமை காலை, மாதா கோயிலுக்குக் கட்டும் வெள்ளைப் புடவையை எடுத்துக்கொண்டு போய், தேவி வீட்டு போரிங் குழாயில் தன் கையாலேயே அலசி, அவர்கள் கொடியில் காயப்போட்டிருக்கிறாள். திங்கட்கிழமை அதைக் கட்டிக்கொண்டு வந்தாள். நல்ல புடவை, பழுப்பும் சாம்பலுமாகப் போயிருந்தது. வழிபாடு முடிந்து குப்பத்துப் பிள்ளைகளைத் தனி வரிசையில் நிற்கச் சொன்னதும், இவள் ஆசிரியர் வரிசையை விட்டு நடந்துபோய் சத்யாவுக்குப் பின்னால் நின்றாள். “என்ன டீச்சர் இது?” என்றார் தலைமையாசிரியர். “இந்த ஊர் தண்ணீரில் அலசி, இந்த ஊர் காற்றில் காய்ந்த புடவை, சார். வெளுப்பாக இல்லை. பிள்ளைகளோடு நானும் வீட்டுக்குப் போகிறேன்.” எந்தப் பிள்ளையும் சிரிக்கவில்லை. அவர் மெமோ கொடுக்க வேண்டியிருக்கும் என்றார். “குடுங்க சார்” என்றாள், இப்போது கல்மண்டபத்துக் குரலில். “ஆனா, இதுல ஒருத்தியோட அம்மா கை வெந்து கெடக்குது. நீங்க இன்னிக்கு இந்தப் பொண்ண அனுப்பிட்டீங்கன்னா, அது வூட்டுக்குப் போவாது. எறா உரிக்கத்தான் போவும். அப்பால வராது.”

முதலில் நகர்ந்தது சரோஜாதான். மணியடிக்கும் கட்டையைக் கீழே வைத்துவிட்டு ரெஜினாவுக்குப் பின்னால் போய் நின்றாள். அடுத்து நான் போனேன். என் புடவை அன்றைக்குப் பச்சை. வெளுப்புக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. தலைமையாசிரியர் எங்களைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார். “பிளீச்சிங் பவுடரா போடுகிறார்கள்?” என்று மெதுவாகக் கேட்டார். அவருக்கு நிஜமாகவே தெரியாது. பிறகு, “எல்லாரும் கிளாஸுக்குப் போங்கள்” என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டார். சத்யா போய் அவளுடைய நடு பெஞ்சில் உட்கார்ந்தாள்.

மெமோ மத்தியானம் வந்துவிட்டது. கொடுக்காமல் இருக்க அவரால் முடியவில்லை, அது அவர் வேலை. ரெஜினா எழுதிய பதிலை ஆசிரியர் அறையில் எல்லாருக்கும் படித்துக் காட்டிவிட்டுத்தான் உள்ளே அனுப்பினாள்: “மாணவர்களின் சட்டையும் என் புடவையும் வெளுப்பாக இல்லாததற்குக் காரணம் காற்று. விளக்கம் கேட்டு அதற்கும் ஒரு மெமோ அனுப்புமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.” அந்தத் தாள் எங்கே போயிற்றோ தெரியவில்லை. தனி வரிசை மட்டும் மறுநாளிலிருந்து இல்லை. சீருடை இளநீலமாக மாறியது அதற்கும் ரொம்ப நாள் கழித்து, வேறொரு தலைமையாசிரியர் காலத்தில்.

தேவியின் கை மெல்ல ஆறியது. ரெஜினா பள்ளி விட்டதும் போய்க் களிம்பு போட்டுவிட்டு வருவாள், திரும்பும்போது குப்பத்துக் கதைகளாகக் கொண்டுவருவாள். பிற்பாடு தேவி மீன் கொண்டுவந்து கொடுத்தாலும் கண்ணை மூடிக்கொண்டு வாங்க மாட்டாள். “இன்னா தேவி, மீனு கண்ணு வெளுத்துகினு கீது? நேத்து மீனா?” என்று ஆரம்பித்துவிடுவாள். தேவியும் விடமாட்டாள். “உன் கண்ணுக்குக் கண்ணாடி மாத்து டீச்சர், இப்பதான் வலைலேர்ந்து எடுத்தேன்” என்பாள். இரண்டு பேரும் போடுகிற கூச்சலில் பக்கத்து வகுப்பில் நான் பாடம் நடத்த முடியாது.

அவளுக்கு உடம்பு முடியாமல் போனபின் கல்மண்டபத்து வீட்டுக்கு அடிக்கடி போவேன். நல்ல கறுப்பு அவள். ரத்தம் குறைந்து முகமெல்லாம் வெளிறியிருந்தது. நான் பழத்தை உரித்துக்கொண்டிருந்தேன். அவளே ஆரம்பித்தாள். “நம்ம ஆளுங்க அழகா கீறவள செவப்புன்னுதான் சொல்வாங்க, வெளுப்புன்னு சொல்ல மாட்டாங்க. கவனிச்சிருக்கியா கோமு? வெளுத்துக் கீறவள பாத்தா, ‘டாக்டராண்ட காட்டு’ம்பாங்க. பொண்ணுங்க மூஞ்சில பூசிக்கிற கிரீமு விக்கிறவனுக்கு இத்த யாராவது சொல்லணும்.” சிரித்தாள், இருமினாள், மறுபடி சிரித்தாள். அந்த நிலைமையிலும் ஒரு சொல்லை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்க அவளுக்குத் தெம்பு இருந்தது. திரும்பும் வழியில் பஸ்ஸில் அழுதேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

அடக்கத்தன்று கல்மண்டபத் தெருவில் நிற்க இடமில்லை. குப்பத்திலிருந்து ஒரு லோடு ஆட்டோ நிறையப் பெண்கள் வந்தார்கள். சத்யா கண்டெய்னர் யார்டு அலுவலகத்திலிருந்து, கழுத்தில் அடையாள அட்டையோடு நேராக வந்திருந்தாள். பில்லிங் பிரிவு முழுக்க இப்போது அவள் பொறுப்பில் இருக்கிறதாம். தேவி பெட்டியருகே தரையில் உட்கார்ந்து, “இவங்க இல்லன்னா என் பொண்ணு இன்னிக்கும் எறாதான் உரிச்சிகினு இருந்திருக்கும்” என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். சத்யா அழவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, “எல்லாரும் சட்டைய கேட்டாங்க டீச்சர். அவங்க மட்டும்தான் அம்மாவ கேட்டாங்க” என்றாள்.

அன்றைக்கு வகுப்பில் ரெஜினா குனிந்து அவளிடம் என்ன கேட்டாள் என்று இத்தனை வருஷமாக எனக்குத் தெரியாது. இப்போது தெரிந்தது.

போன வாரம் பள்ளி வாசலில், தாமதமாக வந்தவர்களை நிறுத்தி வைத்திருந்தார்கள். ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி, தலை வாராமல், சட்டையில் கறையோடு நின்றாள். ஏன் லேட் என்று கேட்கத்தான் போனேன். இத்தனை வருஷமாக அதைத்தான் கேட்டு வந்திருக்கிறேன், பழக்கம். ஆனால் வாயில் வேறு வந்தது. “அம்மா எப்டி கீறாங்க?” என்று கேட்டேன். என் வாயில் அந்தப் பேச்சு சரியாக வரவில்லை. ரெஜினா கேட்டிருந்தால் ஒரு மாதத்துக்குக் கேலி செய்திருப்பாள். அந்தப் பெண் என்னை நிமிர்ந்து பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு, “அம்மா ஆஸ்பத்திரில கீறாங்க டீச்சர்…” என்று ஆரம்பித்தாள். ரெஜினா, உன்னிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இந்தக் கேள்வியைத்தான். பத்தாம் வகுப்பு எனக்காகக் காத்திருந்தது. மணி அடித்து ஓய்ந்தது. அவள் சொல்லி முடிக்கும் வரை நின்று கேட்டேன்.